சீலிங்குக்கு பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? டப்பாவைத் திறக்கும் முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்க!

மழை விட்டு ரெண்டு நாள் ஆகியிருக்கும். கட்டிலில் படுத்தபடி மேலே பார்க்கிறீர்கள். போன வருஷம் இல்லாத ஒரு கறை, டீ சிந்தின மாதிரி சீலிங்கில் பரவியிருக்கிறது. "பொங்கல் வருது, சொந்தக்காரங்க வருவாங்க, ஒரு கோட் அடிச்சுடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. பெயிண்டர் வருகிறார், ரெண்டு கோட் அடிக்கிறார், சீலிங் பளிச்சென்று ஆகிறது. அடுத்த ஐப்பசி மழையில் அதே இடத்தில், அதே கறை. இந்த முறை பெயிண்டும் அப்பளம் போல உப்பி நிற்கிறது.

தப்பு பெயிண்டிலா, பெயிண்டரிடமா? பெரும்பாலும் ரெண்டிலும் இல்லை. என்ன நடக்கிறது, எப்போது பெயிண்ட் அடிக்கலாம், எப்போது அடிக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

விருத்தாசலம் சொல்லும் பாடம் என்ன?

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் விருத்தாசலத்துக்கு 'பீங்கான் நகரம்' என்று ஒரு பெயர் உண்டு. பொம்மை, அகல்விளக்கு, மின்சார ஃப்யூஸ் கேரியர் என்று பல பீங்கான் பொருட்கள் இங்கே தயாராகின்றன. செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தரும் அரசு கல்வி நிறுவனமும் இந்த ஊரில் உள்ளன.

பீங்கான் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் ரெண்டு விஷயம் சொல்வார்கள்.

ஒன்று, ஈரம் காயாத பொருளைச் சூளையில் வைக்கக் கூடாது. வெளியே பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் அது ஆவியாகி, வெளியே வர வழி தேடும். பொருள் வெடித்துப் போகும்.

இன்னொன்று, கோப்பையில் விரிசல் இருக்கிறதா என்று தெரிய விரலால் சுண்டினால் போதும். நல்ல கோப்பை 'ணங்' என்று பேசும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும்.

உங்கள் வீட்டு சீலிங்குக்கும் இதே ரெண்டு விதிதான். உள்ளே ஈரம் இருந்தால் மேல் பூச்சு நிற்காது. உள்ளே உடைந்திருக்கிறதா என்பதைத் தட்டிப் பார்த்தால் தெரியும். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் இந்த ரெண்டையும் பார்த்துவிட்டால், பணமும் மிஞ்சும், சில நேரம் உயிரும் தப்பும்.

அந்தக் கறை எங்கிருந்து வருது?

கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். கான்கிரீட் தளத்துக்குள் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி, பலவீனமான இடத்தில் எட்டிப் பார்க்கும். ஓட்டை ஒரு பக்கம், கறை நாலு அடி தள்ளி இன்னொரு பக்கம் என்பது சகஜம். அதனால் கறையின் குணத்தைப் பாருங்கள்.

மழை பெய்தால் மட்டும் வருதா? அப்படின்னா மொட்டை மாடிதான் காரணம். தட்டோட்டு இணைப்புகளில் விரிசல், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர் இறங்கும் குழாயின் வாய், இந்த மூன்று இடங்களை முதலில் பாருங்க. இலை தழை அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கி நிற்பதே பாதி வீடுகளின் பிரச்சினை.

மழை இல்லாமலும் வருதா? மேல் மாடியில் பாத்ரூம் இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. ரெண்டு மூணு நாள் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கறை வெளிற ஆரம்பித்தால் விடை கிடைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கறை என்றால், தொட்டியையும் குழாய் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

சமையலறை, பாத்ரூம் சீலிங்கில் மட்டும் கருப்புப் புள்ளிகளா? அது கசிவாக இல்லாமல் இருக்கலாம். நீராவி போக வழியில்லாமல் படியும் பூஞ்சை. அங்கே தேவைப்படுவது ஒரு எக்சாஸ்ட் ஃபேன். பெயிண்ட் அதற்கு அப்புறம்தான்.

வெள்ளையாக மாவு மாதிரி உதிர்கிறதா? அது உப்புப் பூத்தல். தண்ணீர் தளத்தின் வழியாக இறங்கும்போது உள்ளே இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, சீலிங்கில் விட்டுவிட்டு ஆவியாகிவிடுகிறது. இதன் மேல் என்ன பெயிண்ட் அடித்தாலும் உப்பு அதைத் தள்ளிவிடும்.

இன்னும் சந்தேகமா? ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளாஸ்டிக் தாளை சீலிங்கில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சீலிங்கைத் தொடும் பக்கத்தில், நீர்த்துளி இருந்தால் ஈரம் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறையின் காற்றில் இருக்கும் ஈரம்.

தட்டிப் பாருங்க: சத்தம் என்ன சொல்லுது?

இதுதான் முக்கியமான கட்டம். ஒரு துடைப்பக் கட்டையோ, மூங்கில் கழியோ எடுத்துக்கொள்ளுங்கள். நேர் கீழே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்று, கறை இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றியும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். தலைக்கு ஒரு ஹெல்மெட் போட்டுக்கொள்வதும் நல்லது. குழந்தைகள் அறைக்குள் வேண்டாம்.

'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு தளத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. 'டொப் டொப்' என்று ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி கேட்டால், பூச்சு தளத்தை விட்டு விலகிவிட்டது. பெயிண்டின் பிடிமானத்தில்தான் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. எந்த நேரத்திலும் விழலாம்.

ஏன் இப்படி ஆகிறது? கான்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. வீட்டுத் தளங்களில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் மறைப்பு பொதுவாக 15 முதல் 20 மில்லிமீட்டர்தான். நல்ல கான்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருஷக்கணக்கில் தண்ணீரும் காற்றும் உள்ளே புகுந்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, அது உருவான இரும்பை விட ரெண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளக்கிறது, பெயர்கிறது, விழுகிறது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் 'மேற்கூரை பூச்சு பெயர்ந்து விழுந்தது' என்று செய்தி வருகிறதே, அதில் பலவற்றின் பின்னணி இதுதான். பழைய தொகுப்பு வீடுகள், பராமரிப்பில்லாத குடியிருப்புகளில் இது அதிகம். அந்த வீடுகளின் சீலிங் முன்கூட்டியே அடையாளம் காட்டியிருக்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அந்த அடையாளமும் மறைந்துபோகும்.

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தால் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். கட்டுமானப் பொறியாளரையோ, அனுபவமுள்ள கொத்தனாரையோ கூப்பிடுங்கள்:

• கம்பி வெளியே தெரிகிறது.
• நேர்கோட்டில் துருநிறக் கறையோ விரிசலோ ஓடுகிறது. உள்ளே கம்பி போகும் பாதை அது.
• சீலிங் நடுவில் தொய்ந்த மாதிரி தெரிகிறது.
• தட்டும்போது பெரிய பரப்பில் 'டொப்' சத்தம் கேட்கிறது.

அதுவரை அந்த இடத்துக்குக் கீழே கட்டிலோ, தொட்டிலோ போட வேண்டாம். சரிசெய்யும் முறை இதுதான்: தளர்ந்த பூச்சை முழுக்கத் தட்டி எடுப்பது, கம்பியின் துருவைச் சுரண்டி அதற்கான தடுப்புப் பூச்சு கொடுப்பது, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் திரும்பப் பூசுவது. கம்பி துருவில் கரைந்து மெலிந்திருந்தால் பொறியாளர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது சரியான நேரமா?

நம்ம ஊரில் மார்கழியில்தான் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம். இந்தப் பழக்கம் வந்தது சுண்ணாம்பு காலத்தில். அப்போது அது சரியாகவும் இருந்தது. இன்று ஏன் சிக்கலாகிறது?

சுண்ணாம்பு, சுவர் மூச்சுவிட இடம் கொடுக்கும். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அதன் வழியாக வெளியேறிவிடும். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு மெல்லக் கல்லாக இறுகும். அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. வருஷா வருஷம் அடிப்பதால் உதிர்ந்தாலும் கவலை இல்லை.

இப்போது நாம் அடிப்பது எமல்ஷன். அது காய்ந்தால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் அவ்வளவு சுலபமாக வெளியேறாது. சூளைக்குள் வைத்த ஈரப் பொம்மையின் கதைதான். வெயில் வந்ததும் ஈரம் ஆவியாகி, படலத்தை உள்ளிருந்து தள்ளும். கொப்புளம் வரும், உரியும்.

கடலூர் மாவட்டத்தின் நிலையை யோசியுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். 2011-ல் தானே புயல் இந்தக் கரையைத் தாக்கியது டிசம்பர் 30-ம் தேதி. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கொட்டித் தீர்த்தது நவம்பர் 30-ம் தேதி. இப்படி நனைந்த தளம் ரெண்டு வாரத்தில் எப்படிக் காயும்?

அதனால், கசிவு இருந்த வீடு என்றால் பொங்கலுக்குச் சுவரை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள், அதுவும் சுவர் காய்ந்திருந்தால். சீலிங்கை மாசி, பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள். வெயில் ஏறும் அந்த நேரத்தில் மாடியில் கசிவை அடைத்துவிட்டு, தளம் நன்றாகக் காய்ந்த பின் உள்ளே பெயிண்ட் அடித்தால் வருஷக்கணக்கில் நிற்கும். கசிவே இல்லாத வீடு என்றால் பொங்கலுக்கு முன்பே தாராளமாக அடிக்கலாம்.

புது வீடா? பூச்சு வேலை முடிந்து குறைந்தது 28 நாள் ஆகட்டும். புதுச் சிமென்ட் பூச்சில் ஈரமும் காரமும் அதிகம். அவசரப்பட்டால் பெயிண்ட் நிறம் மாறும், திட்டுத் திட்டாக வெளுக்கும்.

எந்த சீலிங்குக்கு எந்த பெயிண்ட்?

கான்கிரீட் சீலிங்: பளபளப்பு இல்லாத மேட் எமல்ஷன்தான் பொருத்தம். பளபளப்பான பெயிண்ட் அடித்தால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் சீலிங்கின் மேடு பள்ளம் எல்லாம் எழும்பித் தெரியும். மேட் பெயிண்ட் அதை மறைத்துவிடும். செலவு குறைவாக வேண்டும் என்றால் டிஸ்டெம்பர் அடிக்கலாம். ஆனால் ஈரம் பட்டால் அது சீக்கிரம் உதிரும்.

பழைய மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் கட்டிய பழைய வீட்டுக் கூரை இது. இதற்குச் சுண்ணாம்புதான் நல்லது. மூச்சுவிட வேண்டிய கூரையை எமல்ஷனால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உத்திரம் உளுத்துப் போக வழியாகிவிடும்.

சுண்ணாம்பு அடித்த சீலிங்கை எமல்ஷனுக்கு மாற்றுவதா: பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான். கையால் தேய்த்தால் வெள்ளை ஒட்டுகிறதா? அப்படியானால் அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் அந்தத் தூளோடு சேர்ந்து உரிந்து வரும்.

பாத்ரூம், சமையலறை: பூஞ்சை எதிர்ப்புப் பொருள் சேர்த்த, கழுவக்கூடிய எமல்ஷன் வாங்குங்கள். இங்கே மட்டும் லேசான பளபளப்பு இருந்தால் துடைக்கச் சுலபம்.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்: கறை வந்தால் பெயிண்ட் அடித்து மூடாதீர்கள். மேலே தளத்தில் என்ன நடக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. ஒரு பலகையைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஊறிப் போன ஜிப்சம் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: இதைச் சுரண்டவோ, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, கம்பி பிரஷ் வைக்கவோ கூடாது. அதிலிருந்து பறக்கும் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போய்ப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு மேலே அடிக்கலாம். ஷீட் மேல் நேரடியாகக் கால் வைத்து ஏறுவதும் வேண்டாம். உடைந்து உள்ளே விழும் ஆபத்து உண்டு.

வேலை எந்த வரிசையில் நடக்கணும்?

முதலில் சீலிங், அடுத்து சுவர், கடைசியில் கதவு ஜன்னல். இந்த வரிசை மாறினால் சீலிங்கிலிருந்து தெறிப்பது எல்லாம் புதுச் சுவரில்தான் விழும்.

1. சாமான்களை வெளியே எடுங்கள். முடியாததை நடுவில் குவித்துப் பாலிதீன் போட்டு மூடுங்கள்.

2. தளர்ந்த பழைய பெயிண்டைச் சுரண்டி எடுங்கள். உப்பு இருந்தால் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

3. பூஞ்சை இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, சுத்தமான தண்ணீரால் துடைத்து, காய விடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். குளோரின் என்ற விஷவாயு வெளியாகும்.

4. விரிசல்களை அடைத்து, தேவையான இடத்தில் பட்டி பாருங்கள். சீலிங்கில் பட்டியைக் கனமாகப் போடக் கூடாது. மெல்லிசாக ரெண்டு முறை போடுவது ஒரே முறை கனமாகப் போடுவதை விட நல்லது. கனம் கூடினால் பட்டியே பெயர்ந்து விழும்.

5. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துணியால் துடைத்துவிட்டு, பிரைமர் ஒரு கோட். பிரைமரைத் தவிர்ப்பது பலர் செய்யும் சிக்கனம். பிறகு பெயிண்ட் கூடுதலாகக் குடிக்கும், கடைசியில் செலவு ஒன்றுதான்.

6. கசிவை நிறுத்திய பிறகும் பழைய கறை அப்படியேதான் இருக்கும். அதன் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், பெயிண்டில் இருக்கும் தண்ணீரில் கறை கரைந்து மேலே எழும்பும். அந்த இடத்துக்கு மட்டும் கறையைத் தடுக்கும் ஆயில் பிரைமரைக் கடையில் கேட்டு வாங்கி அடியுங்கள்.

7. இனி பெயிண்ட். முதலில் ரெண்டு இஞ்ச் பிரஷால் ஓரங்களையும் ஃபேன் கொக்கியைச் சுற்றியும் 'கட்டிங்' செய்யணும். பிறகு ரோலரில் சுமார் மூன்று அடி அகலப் பட்டையாக அடித்துக்கொண்டே போகணும். ஒரு பட்டை காயும் முன் அடுத்த பட்டையைச் சேர்த்துவிட வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போனால், நின்ற இடத்தில் கோடு விழும். அந்தக் கோடு பிறகு போகாது.

8. கடைசிக் கோட்டை ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும் திசையிலேயே அடியுங்கள். ரோலர் தடம் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு கோட்டுக்கு நடுவே டப்பாவில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அத்தனை மணி நேரம் காத்திருங்கள். மழைநாள் என்றால் இன்னும் கூடுதலாக.

எவ்வளவு பெயிண்ட் வாங்கணும்?

கணக்கு சுலபம். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் சீலிங் 120 சதுர அடி. ரெண்டு கோட்டுக்கு 240 சதுர அடி. நீங்கள் வாங்கும் டப்பாவில் 'ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி' என்று போட்டிருந்தால், 2.4 லிட்டர் தேவை. ரெண்டரை லிட்டர் வாங்கினால் போதும். சொரசொரப்பான சீலிங் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஒரே அறைக்கு வாங்கும் டப்பாக்களின் பேட்ச் எண் ஒன்றாக இருக்கட்டும். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு.

இன்னொன்றையும் டப்பாவில் பாருங்கள்: ஈயம். வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டு வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பெயிண்டில், குறிப்பாக ஆயில் பெயிண்டில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சுரண்டும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய வீடு என்றால் லேசாக நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த ரெண்டு நாள் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு இடத்தில் இருக்கட்டும்.

மேலே ஏறுபவருக்கு என்ன பாதுகாப்பு?

சீலிங் வேலையில் பெரிய ஆபத்து மின்சாரம்தான். கசிவு இருக்கும் தளத்தில், உள்ளே பதித்த வயர் குழாய் வழியாகவும் தண்ணீர் ஓடி ஃபேன் பாயிண்டில் சொட்டும். ஃபேன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, மெயினையே இறக்குங்கள். ஃபேன் பாயிண்டில் ஈரம் தெரிந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் யாரும் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது விழுவது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நாற்காலி போட்டு ஏறுவது நம்ம வீடுகளில் சாதாரணம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்யும்போது தலை சுற்றும், கால் தடுமாறும். ரோலரில் நீளக் கம்பு மாட்டினால் பெரும்பகுதி வேலையைத் தரையில் நின்றே முடிக்கலாம். ஓரங்களுக்கு மட்டும் உறுதியான ஏணியோ, பலகை போட்ட சாரமோ போதும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், தலைக்கு ஒரு துண்டு. கண்ணில் விழும் சுண்ணாம்பு பார்வையையே பாதிக்கலாம். விழுந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வரும் பெயிண்டர் அண்ணனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, நல வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா?" தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயிண்டர்களும் உறுப்பினராகலாம். விபத்து நேர்ந்தால் உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி போன்றவை பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கும். பதிவைப் புதுப்பிக்க மறந்தவர்கள் நிறைய பேர். நீங்கள் நினைவுபடுத்துவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய உதவியாக இருக்கலாம்.

சீலிங்குக்கு வெள்ளை அடிச்சா வீடு குளிருமா?

இது பலருக்கும் இருக்கும் நம்பிக்கை. உள்ளே வெள்ளை அடித்தால் அறையில் வெளிச்சம் கூடும், வெப்பம் பெரிதாகக் குறையாது. வெயில் அடிப்பது தளத்தின் மேல்பக்கத்தில். அங்கேதான் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மொட்டை மாடியில் வெள்ளை நிற கூல் ரூஃப் பெயிண்ட் அடிப்பதும், உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிப்பதும் இதற்குத்தான். வழவழப்பான வெள்ளைப் பீங்கான் வெயிலைத் திருப்பி அனுப்பும், தண்ணீரையும் உறிஞ்சாது. முறையாகப் பதித்து, இணைப்புகளை நன்றாக அடைத்தால் வெப்பத்துக்கும் கசிவுக்கும் ஒரே மருந்து. வெப்பத்தைச் சமாளிக்கக் கூரையை வெள்ளையாக்குவதைத் தெலங்கானா அரசு 2023-ல் தனிக் கொள்கையாகவே அறிவித்தது.

ஆகவே கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் வரும் என்றால், அதை மொட்டை மாடியில் போடுங்கள். மேலே சரியானால் கீழே கறை வராது. கீழே அடிக்கும் பெயிண்டை அடுத்த வருஷம் கூட அடித்துக்கொள்ளலாம்.

வேலை பேசும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

• சதுர அடி ரேட்டில் சுரண்டுவது, பட்டி, பிரைமர் எல்லாம் சேர்ந்ததா, தனியா?
• எத்தனை கோட்? பிரைமரையும் அதில் ஒன்றாகக் கணக்கு வைக்கிறாரா?
• பெயிண்ட் யார் வாங்குவது? சீல் உடைக்காத டப்பாவை உங்கள் முன்னால் திறப்பாரா?
• ஈரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்த்தார்? "அதெல்லாம் பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.
• சாமான் மூடுவதும் வேலை முடிந்து சுத்தம் செய்வதும் யார் பொறுப்பு?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீலிங்கில் 'டொப்' சத்தம் கேட்டாலோ, கம்பி தெரிந்தாலோ உங்கள் கைக்காசில் பெயிண்ட் அடித்து மூடாதீர்கள். போட்டோ எடுத்துத் தேதியோடு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டுக்காரராக இருந்தால், அந்தப் போட்டோவைப் பெயிண்டருக்கு அனுப்பாமல் முதலில் கொத்தனாருக்கு அனுப்புங்கள்.

சுருக்கமாக

கறை வந்தால் முதலில் மூலத்தைக் கண்டுபிடிங்க. கழியால் தட்டிப் பாருங்க. கசிவை மேலே அடைங்க. தளம் காய்வதற்கு நேரம் கொடுங்க. பிரைமரைத் தவிர்க்காதீங்க. மெயினை இறக்காமல் யாரையும் மேலே ஏற விடாதீங்க.

இன்று இரவு படுக்கும்போது ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். கறை எதுவும் கண்ணில் பட்டால், நாளைக் காலையில் பெயிண்ட் கடைக்குப் போகும் முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்.